படகில்லாத சாந்தோலோ

பாண்டுங்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து.

அன்பு மகன் ஃபிர்மானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அப்பாவும் உன் தம்பி தௌஃபிக்கும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உடம்புக்கு என்று மட்டும் சொன்னதைக் கவனித்துக்கொள். நீயும் அங்கே நலமாகத்தான் இருப்பாய், நீ அனுப்புகிற படங்களைப் பார்த்தாலே தெரிகிறது, ஜெர்மனிக்காரர்களின் ரொட்டியும் உருளைக்கிழங்கும் உனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டுவிட்டது. கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு உடனே ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது, மீட்டிங் இல்லாத நாளில் சிக்னல் போய்விடுகிறது. மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புகிறாய். மனசில் இருப்பதையெல்லாம் கொட்டியவளுக்கு ஒரு கட்டைவிரல். காகிதத்திடம் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது, உட்கார்ந்து கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, நாக்குதான் இன்னும் அடங்கவில்லை, நான் கடைக்குக் கிளம்பியதும் சந்து முனையில் போய் நின்று வறுத்த வாழைப்பழம் வாங்கித் தின்கிறார், கேட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நடக்கப் போனேன் என்கிறார். ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கியாயிற்று. மழை விடாமல் அடித்து ஜெராக்ஸ் கடைக் கூரை பெரிய மிஷினுக்கு நேர் மேலே ஒழுகுகிறது, பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன். மாணவர்கள் ஆய்வேடு கொடுக்கிற காலம் இது, வருஷம் முழுக்கத் தூங்கிவிட்டுக் கடைசி நாளில் வந்து ஆன்ட்டி இன்னிக்கே பைண்டிங் போட்டுக் குடுக்கலன்னா நான் செத்தேன் என்று நிற்கிறார்கள், இதுவரை யாரும் சாகவில்லை. தேர்தல் வேறு வருகிறது, தௌஃபிக்குக்கு பேனர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஒரு வேட்பாளர் வந்து தம்பி, முன்னந்தலையில முடி கொஞ்சம் கூட்டிப் போடு என்றாராம். கூட்டிடலாம் சார், ஓட்டைத்தான் என்னால கூட்ட முடியாது என்று இவன் சொல்ல, அந்த ஆள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார். இது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்தது. இப்போது யார் வந்து எதைக் கேட்டாலும் சரி சார் என்கிறான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுத வந்தேன். அப்பா வேண்டாம் என்று தடுத்தார். விடு யூயூன், பெரியவன் வேணும்னேவா செஞ்சான், அன்னிய தேசத்துல ஒண்டியா கிடக்கிற பிள்ளை, அவன் மனசை நோகடிக்காதே என்றார். அன்னிய தேசத்தில் இருப்பவனுக்குத்தான் மனசு உண்டு, கூட இருந்து பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறவனுக்குக் கல்லா என்று கேட்டேன், எழுந்து வெளியே போய்விட்டார். உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலிலிருந்து சொல்லப் போகிறேன். நீ மறந்துவிட்டாய் என்று நான் நம்புவதால் சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கடையின் பின் அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் விண்கலம் ஓட்டுகிற அந்த சிமுலேட்டரைப் போட்டீர்கள். இலவசமாகக் கிடைத்தது. அதில் வருகிற கப்பல்கள் போதாது என்று உலகத்தில் யார் யாரோ வீட்டில் உட்கார்ந்து தாங்களே கப்பலும் ஏவுதளமும் செய்து அடுத்தவர்களுக்கு வாரிக் கொடுக்கிறார்கள் என்றீர்கள், ஆட்-ஆன் என்று அதற்குப் பேர் சொன்னீர்கள். ஜிப் ஃபைலை இறக்கி சிமுலேட்டரின் ஃபோல்டருக்குள் பிரித்தால் உருவம் ஒரு இடத்துக்கும் மேல்தோல் ஒரு இடத்துக்கும் இன்ஜின் கணக்கு ஒரு இடத்துக்கும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தடவை ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராகப் பிரித்துவிட்டு, கப்பலைக் காணோம் என்று இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறீர்கள். பிறகு நீங்களே ஒன்று செய்தீர்கள். காலோங் என்று பெரிய வௌவாலின் பேரை வைத்தான் தௌஃபிக், அந்த வௌவால் மாதிரியே அது விண்வெளி நிலையத்தில் தலைகீழாகத் தொங்கி நிற்கும் என்பதற்காக. கணக்கெல்லாம் நீ போட்டாய், அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. இறக்கை, மூக்கு, உள்ளே இருக்கிற ஆசனம், பொத்தான்கள், கதவு மூடுகிற சத்தம் வரைக்கும் அவன் செய்தான். கதவுச் சத்தத்துக்காக என் அரிசி டப்பா மூடியைத் தட்டித் தட்டிப் பதிவு செய்தான், மூடி நெளிந்ததற்குத் திட்டு வாங்கினான். அதை உலகத்துக்குப் போட்டபோது உன் பேரைப் பெரிதாகவும் அவன் பேரை உதவி என்றும் போட்டாய். அந்த உலகத்தில் யாருக்கும் காசு கிடையாது, பேர்தான் கூலி என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். மூத்தவன் என்று விழுங்கிக்கொண்டேன். தம்பிக்கும் அப்போது வருத்தமில்லை, அண்ணன் பேர் இருந்தா என் பேர் இருந்த மாதிரிதாம்மா என்றான். அந்தக் காலோங்கைக் காட்டித்தான் நீ ஜெர்மனியில் படிக்க இடம் வாங்கினாய், படித்து ராக்கெட் கம்பெனியில் வேலையும் வாங்கினாய். நல்லா இரு.

நீ போன பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. காலோங் கிளம்புவதற்கு நம் நாட்டிலேயே ஒரு கரை வேண்டும் என்று, தெற்குக் கடலோரம் பமுங்புக் பக்கம் இருக்கிற சாந்தோலோக் கரையை சிமுலேட்டருக்குள் செய்ய ஆரம்பித்தான், அரசாங்கம் சின்ன ராக்கெட் விடுகிற இடம் அங்கேதானே இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் ஆரம்பத்தில் அதற்கென்று ஒரு மொட்டைத் திடலும் ஒரு மேடையும் மட்டும் போட்டு வைத்திருந்தீர்கள், அதன் மேலேயே அவன் கட்டினான். பேனர் வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் அதில் உட்கார்ந்துவிடுவான், விடுமுறை கிடைத்தால் பைக்கை எடுத்துக்கொண்டு மலைப்பாதையின் அத்தனை வளைவுகளையும் தாண்டித் தெற்கே போய்விடுவான். கூரைகளைப் படம் எடுப்பான், மீன் ஏலம் நடக்கிற கொட்டகையை அளப்பான், படகுகளின் பேரையும் நிறத்தையும் எழுதிக்கொண்டு வருவான். மீனவர்களுக்கு முதலில் சந்தேகம், வரிக்காரனா நீ என்று கேட்டார்களாம். பிறகு பழகிவிட்டார்கள், படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் இவனுக்குப் போன் செய்து சொல்லுகிற அளவுக்கு. என் படகு மூக்கு பச்சை ஆயிடுச்சு, உன் கம்ப்யூட்டர்லயும் மாத்திடு என்பார் ஓடோங் என்கிற ஒருவர், இவனும் அன்றைக்கே உட்கார்ந்து மாற்றுவான். ராக்கெட் மேலே ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே அந்தப் படகுகள் ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும், ஒரு நாள் எனக்குக் காட்டினான், இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தேன். அங்கே இருக்கிற தொழிற்பள்ளியில் ஆண்டு விழாவுக்கு அதைக் காட்ட அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் பேரைச் சொல்லி அவனை ஒருவர் மேடைக்குக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. சட்டை கூட வாங்கி வைத்திருந்தான்.

போன வருஷம் நீ வந்தாயே, அப்போது அவன் உன்னை உட்கார வைத்து அந்தக் கரையை முழுக்கக் காட்டினான். நீ போனைப் பார்த்துக்கொண்டே பார்த்தாய். நல்லாருக்குடா, ஆனா இவ்வளவு படகு போட்டா மிஷின் திணறும் என்றாய். கிளம்பும்போது காலோங்கின் மூல உருவங்கள் வேண்டும், புதிதாகச் செய்யப் போகிறேன் என்று அவனுடைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டாய். அதில்தான் அவன் எல்லாவற்றின் மூலத்தையும் வைத்திருந்தான், கடைக் கம்ப்யூட்டரில் இடம் போதாது. ஒரு மாசத்துல காப்பி எடுத்துட்டு அனுப்பிடறேன் என்றாய். கொடுக்காதே, இங்கேயே உட்கார்ந்து காப்பி எடுக்கச் சொல் என்று நான் சமையலறையில் அவன் காதில் சொன்னேன். அண்ணன்மா, போலீஸ்காரன் மாதிரி பேசாதே என்றான். அண்ணன்தானே.

இப்போது அந்த ஞாயிறு. தௌஃபிக் அப்பாவைப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தான். நீ வீடியோவில் கூப்பிட்டாய். உன் பின்னால் ஒரு கூடம், உன்னைப் போலவே சிமுலேட்டர் பைத்தியங்கள் நிறையப் பேர் பீர் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். புதுக் காலோங்கை அன்றைக்கு எல்லோருக்கும் காட்டுகிறாயாம், அது பிறந்த கடையிலேயே உன் அம்மா அதை நிறுவி ஓட்டுவதையும் காட்ட வேண்டுமாம். தம்பி வந்துடட்டும்டா, அது அவன் மிஷின் என்றேன். அவன் வந்தா ஆயிரம் கேள்வி கேப்பான், நீயே போடும்மா, தீசிஸ் ஃபைலெல்லாம் பிரிக்கத் தெரிஞ்சவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று சிரித்தாய், பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அப்போதும் ஒன்று கேட்டேன், நினைவு இருக்கிறதா? தம்பி எப்பவும் முழு ஃபோல்டரையும் ஒரு காப்பி எடுத்துட்டு அந்தக் காப்பியிலதானே புதுசைப் போடுவான், சுத்தமா இருக்கறது மேல எதையும் போடக் கூடாதும்பானே, நான் காப்பி எடுக்கட்டுமா என்று கேட்டேன். உங்கள் கூட்டத்தில் புதிதாக வருகிற பொடியனுக்குக் கூட முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீ சொன்னாய், காப்பி எடுக்க முக்கால் மணி ஆகும்மா, இங்க எல்லாரும் காத்துட்டு இருக்காங்க, நேரா போடு. போட்டேன். இந்தப் பேரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. உனக்குப் படித்துக் காட்டினேன். மாத்து என்றாய். மறுபடி கேட்டது, மறுபடி படித்துக் காட்டினேன். எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுடும்மா, சும்மா ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டு என்றாய். போட்டேன். அழுத்தியது என் விரல், அதை நான் மறைக்கவில்லை, ஆனால் அதற்குள் இருந்த அவசரம் உன்னுடையது. கப்பல் வந்தது, பளபளவென்று இருந்தது, அங்கே கை தட்டினார்கள், நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு பைத்தியக்காரி மாதிரி எல்லோருக்கும் கை ஆட்டினேன்.

தம்பி வந்து திரையைப் பார்த்தான். அண்ணன் கப்பலா, யார் போட்டது என்றான். நான்தான் என்று பெருமையாக வேறு சொன்னேன். உட்கார்ந்து கரையைத் திறந்தான். மொட்டைத் திடல், ஒரே ஒரு மேடை, நீங்கள் சின்ன வயசில் போட்டது. உன் புது ஜிப்பில் அந்தப் பழைய திடலும் சேர்ந்து வந்திருக்கிறது, அதே பேரில். அவன் கட்டிய கரை முழுவதும் அந்தப் பேரில்தான் இருந்தது, அண்ணன் வச்ச பேர், மாத்தினா அவன் கப்பலும் என் கரையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது என்று அத்தனை வருஷம் அந்தப் பேர்களைத் தொடாமல் வைத்திருந்தான். உன்மேல் வைத்த மரியாதைதான் அதை அழித்தது. ஏம்மா காப்பி எடுக்கலை என்று மட்டும் கேட்டான், அண்ணன் வேண்டாம் என்றான் என்றேன், சரிம்மா என்றான். மறுநாள் கம்ப்யூட்டரை எலெக்ட்ரானிக்ஸ் மாலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அழிஞ்சது வேற ஆன்ட்டி, மேலேயே எழுதினது வேற, அழிச்சதைத் தேடலாம், இதைத் தேட முடியாது என்று கைவிரித்தார்கள். உன்னைக் கூப்பிட்டு அந்த டிஸ்க்கைக் கேட்டேன். அதுவா, காலோங்கை மட்டும் எடுத்துக்கிட்டேன், மீதியெல்லாம் ஏதோ பழைய சாமான்னு அழிச்சிட்டு ஆல்ப்ஸ் போன படங்களைப் போட்டேன், டென்ஷன் ஆகாதே, இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கி அனுப்பறேன் என்றாய். அனுப்பவும் செய்தாய். போன வாரம் கூரியரில் வந்தது, பெரியதுதான், உள்ளே ஒன்றுமே இல்லை. தௌஃபிக் அதைத் தொடவில்லை, அட்டைப் பெட்டியில் அப்பா மாத்திரைகளைப் போட்டு வைத்திருக்கிறார்.

நீ வேண்டுமென்றே செய்தாய் என்று நான் நினைக்கவில்லை ஃபிர்மான். வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது. பொறாமைப்படுகிறவன் கூட அடுத்தவனிடம் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துதான் பொறாமைப்படுகிறான். உனக்கு அந்த மிஷினில் தம்பியுடையது என்று ஏதாவது இருக்கும் என்கிற நினைப்பே வரவில்லை. கண்ணால் பார்த்துவிட்டுப் போனவன் நீ. டிஸ்க்கில் பார்த்தபோதும் வரவில்லை, போனில் நான் ஒவ்வொரு பேராகப் படித்துக் காட்டியபோதும் வரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. இப்படி எழுதுவதற்காக அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், ஆனால் எழுதத்தான் செய்வேன்.

இதற்குள் பள்ளி ஆண்டு விழா வந்துவிட்டது. போக வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றேன். ஜனங்க காத்துட்டிருக்காங்கம்மா, இருக்கறதைக் காட்டிட்டு வரேன் என்றான். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன், அத்தனை வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கூடம் நிறைய மாணவர்கள், பின்னால் சுவர் ஓரமாக மீனவர்கள் குடும்பத்தோடு வந்து நின்றார்கள், குளித்துத் தலை சீவி, தங்கள் படகைத் திரையில் பார்க்க. உன் காலோங்கைத்தான் காட்டினான், வேறு என்ன இருக்கிறது அவனிடம். திரையில் முதலில் பேர்கள் வந்தன, உன் பேர், பிறகு உன் ஜெர்மன் சிநேகிதர்கள் பேர், கடைசியில் என் தம்பிக்கும் நன்றி என்று ஒரு வரி. தம்பிக்கு ஒரு பேர் உண்டு, நானும் உன் அப்பாவும் சேர்ந்து வைத்தது. பிறகு சாந்தோலோ வந்தது, மண் நிறத்தில் வழித்துவிட்ட மாதிரி ஒரு திடல். கூடத்தில் கொஞ்சம் சலசலப்பு. ஓடோங் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டார், தம்பி, எங்க படகெல்லாம் எங்கப்பா? மீன் பிடிக்கப் போயிருக்கு என்று யாரோ ஒரு மாணவன் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், ராக்கெட் மட்டும் நிக்குது, ஊரையே தூக்கிட்டாங்களா என்றார், அதற்கும் சிரிப்பு. தௌஃபிக் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இது எங்க அண்ணன் செஞ்சது, இதுல படகு இல்ல என்றான். அவ்வளவுதான் சொன்னான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவன் அங்கே நின்றதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. பிறகு கப்பல் கிளம்பியது, அழகாகத்தான் ஏறியது, எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, உங்க பெரிய பிள்ளையா, குடுத்து வச்சவங்க நீங்க என்றாள். ஓடோங் மட்டும் விழா முடிவதற்குள் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விழா முடிந்து தலைமையாசிரியை இமாஸ் அம்மா எங்களுக்கு மீன் பொரித்துச் சோறு போட்டார். பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்கு இதைச் செய்தவர் பேரையே வைக்க முடிவு செய்திருக்கிறோம், நோன்புப் பெருநாளுக்கு உங்க மூத்த பிள்ளை ஊருக்கு வரும்போது அவரே வந்து திறந்து வைக்கணும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தௌஃபிக், வருவான் மேடம், நான் சொல்றேன் என்றான். அடுத்த வாரமே போய் அங்கே இருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் உன் காலோங்கை நிறுவினான். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு சுத்தமான காப்பி எடுத்து வைத்துவிட்டுப் பிறகுதான் போட்டானாம், ஆசிரியர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். திரும்பி வந்ததும் கேட்டேன், ஏண்டா, உனக்கு ரோஷம் என்று ஒன்று கிடையாதா, ஏன் உன் பேரைச் சொல்லவில்லை? பேனரை வெட்டிக்கொண்டே சொன்னான், அவன் பேரை மாட்டினா பசங்களுக்கு ஜெர்மனிக்குப் போகலாம்னு தோணும், என் பேரை மாட்டினா பேனர் கடைக்குப் போகலாம்னுதான் தோணும், விடும்மா. அதன் பிறகு அவன் அந்த சிமுலேட்டரைத் திறக்கவில்லை. மறுபடி கரையைச் செய்யேன், படங்கள் இருக்கிறதே என்றேன். யாருக்கு என்றான்.

நேற்று ஒரு பேனரை அடித்து மேசைமேல் விரித்து என்னைக் கூப்பிட்டான். உன் முகம், பக்கத்தில் காலோங், பமுங்புக்கின் பெருமை ஃபிர்மானை வரவேற்கிறோம் என்று பெரிய எழுத்தில். நீ பமுங்புக்கில் ஒரு நாள் தங்கியது கூடக் கிடையாது. படிப்புப் பட்டம் சரியா இருக்கான்னு பாரும்மா, தப்பா அடிச்சா அண்ணன் கோச்சுக்குவான் என்றான். கிண்டலாகச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன், கிண்டல் இல்லை. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பள்ளியின் அழைப்பிதழை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். வா. வந்து அந்த மேடையில் ஏறு. அந்த மாணவர்கள் முன்னால், அந்த மீனவர்கள் முன்னால், இந்தக் கப்பலைச் செய்ததில் பாதி என் தம்பி தௌஃபிக், இந்தக் கரை முழுக்க அவன் செய்தது, அதை அழித்தது நான் என்று உன் வாயால் சொல். ஜெர்மன் மொழியிலோ இங்கிலீஷிலோ வேண்டாம், அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல். பூசி மெழுகாதே, தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லாதே. அதைச் சொல்ல நாக்கு வராது என்றால் மேடைக்கும் வராதே, பெருநாளைக்கு வீட்டுக்கும் வராதே. உன் பங்குக் கோழிக் குழம்பை நான் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறேன், அப்பாவிடம் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன், அவருக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்வேன்.

அங்கே குளிர் அதிகமாகிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ, தொழுகையை விடாதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், உன் பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டிலும் திருப்பட்டும். பள்ளிக்கு மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும், அழைப்பிதழின் பின்பக்கம் நம்பர் இருக்கிறது, கட்டைவிரலை அனுப்பாமல் நீயே பேசு.

இப்படிக்கு,
தௌஃபிக்கின் அம்மா,
யூயூன்